வேகமானவரும் புதியவரும் ஒரே குழுவில்: சைக்கிள் பயணத்தை நடத்துகிறவருக்கான கேள்வி பதில்

ஞாயிறு காலை திருவான்மியூரில் கூடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய்த் திரும்புவது சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பழகிய வழி. போக ஏறக்குறைய 20 கிலோமீட்டர், வர அதே அளவு. சில வருடங்களாக இந்த வழியில் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். குழு என்றால் எல்லாரும் ஒரே மாதிரி ஓட்டுகிறவர்கள் இல்லை. போன மாதம் மகாபலிபுரம் போய் வந்த இளைஞரும் இருப்பார், இருபது வருடம் கழித்து இந்த வாரம்தான் பெடலில் கால் வைத்த அம்மாவும் இருப்பார். இப்படிப்பட்ட குழுவை முதல்முறை நடத்தப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் இந்தச் சாலையிலிருந்து, ஆனால் உங்கள் ஊர் சாலைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

குழுவின் வேகத்தை யார் முடிவு செய்வது?

கடைசியில் வருகிறவர். இதை மட்டும் நீங்கள் மனதார ஏற்றுக்கொண்டால் கீழே உள்ளவற்றில் பாதியைப் படிக்க வேண்டாம்.

சாதாரண, கியர் இல்லாத சைக்கிளில் வருகிற புதியவர் மணிக்கு 12 முதல் 15 கி.மீ. போவார். ஹைப்ரிட் (சாதாரண சைக்கிளுக்கும் ரோடு பைக்குக்கும் இடைப்பட்டது) வைத்திருந்து வாரம் ஒருமுறை ஓட்டுகிறவர் 18, 20 போவார். மெல்லிய டயர் உள்ள ரோடு பைக் சைக்கிளில் பழகினவருக்கு 27, 28 சிரமமே இல்லை. இந்த மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 20 என்று அறிவிக்கிறவர்கள் உண்டு. அந்த வேகத்தில் ஓட்டுகிறவர் நடுவில் இருக்கிற ஒருவர்தான், முன்னால் இருப்பவருக்கு அது போதாது, பின்னால் இருப்பவர் பத்தாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கி நிற்பார். அதனால் நான் அறிவிப்பிலேயே 15 என்று எழுதிவிடுவேன். 40 கி.மீ.க்கு அந்த வேகத்தில் 2 மணி 40 நிமிடம், நிற்பதற்கெல்லாம் சேர்த்து முக்கால் மணி, ஆக மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம். ஆறரைக்குக் கிளம்பினால் கடைசி ஒரு மணி நேரம் வெயிலில்தான்.

நீண்ட தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்கும் பி.ஆர்.எம். பயணங்களில்கூட 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள், கணக்குப் போட்டால் அதுவும் மணிக்கு 15க்குக் கொஞ்சம் குறைவுதான். மெதுவாகப் போவது மட்டமான விஷயம் என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு சலித்துப் போகாதா?

போகும். அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது: இது இந்த வேகத்தில் போகிற பயணம், உடற்பயிற்சிக்காக வருகிறவருக்கு இது வேண்டாம் என்று. அதையும் மீறி வருகிறவர்கள் விருப்பப்பட்டுதான் வருகிறார்கள், அவர்களுக்கு வேலை கொடுங்கள். ஒருவர் ஸ்வீப் (எல்லாருக்கும் கடைசியில் வருகிறவர்), ஒருவர் நடுவில், ஒருவர் பஞ்சர் சாமான் சுமக்கிறவர். பொறுப்பு கையில் இருக்கும்போது யாரும் வேகத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

இன்னொரு வழி, ஒரு இடத்தைச் சொல்லி அதுவரை உங்கள் இஷ்டத்துக்குப் போங்கள், அங்கே காத்திருங்கள் என்பது. இந்தச் சாலையில் அக்கரை என்ற இடத்தைத் தாண்டி உத்தண்டி சுங்கச்சாவடி வரை அப்படி விடலாம். ஆனால் மொத்தத்தில் ஒரு தடவை, அதுவும் திரும்பும் இடமில்லாத நேர்ச்சாலையில் மட்டும். அடிக்கடி விட்டால் குழு இரண்டாக உடைந்துபோகும், அப்புறம் ஒட்டவே ஒட்டாது.

நடத்துகிறவர் முன்னால் இருக்க வேண்டுமா, பின்னாலா?

முன்னால் போகிறவரை நான் தலைவர் என்று சொல்வதில்லை, அவர் வழிகாட்டி. வேகத்தைப் பிடித்து வைப்பது அவர் வேலை, அதற்கு நிதானமான ஆள் வேண்டும். புதிதாக வருகிறவர்களில் ஒருவரை, முடிந்தால் இருப்பதிலேயே மெதுவாக ஓட்டுகிறவரை, வழிகாட்டிக்கு நேர் பின்னால் விடுங்கள். அவருடைய மூச்சுச் சத்தம் வழிகாட்டிக்குக் கேட்கும், வேகம் தானாகக் குறையும். புதியவருக்கும், கடைசியில் தனியாக விடப்பட்டோம் என்ற எண்ணம் வராது.

நான் பெரும்பாலும் நடுவில் ஓட்டுகிறேன். முன்னும் பின்னும் போய் வந்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு நிமிடம் இருந்து, "எப்படிக்கா இருக்கு, தண்ணி குடிச்சீங்களா" என்று கேட்டுக்கொண்டே போவேன். பதில் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார். "ம்", "ஆங்" என்று மட்டும் வந்தால் வேகம் அவருக்கு அதிகம், வழிகாட்டிக்குச் சொல்லிக் குறைக்க வேண்டும்.

ஸ்வீப் என்றால் யார், அவர் என்ன செய்ய வேண்டும்?

குழுவின் கடைசி ஆள். அவருக்குப் பின்னால் நம் ஆட்கள் யாரும் இருக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கடைசி வீரருக்குப் பின்னால் ஒரு வண்டி வரும், முடியாமல் நின்றவர்களை ஏற்றிக்கொள்வதற்கு. துடைப்ப வண்டி என்று அதற்குப் பெயர், 1910 முதல் இருக்கிறது. நம் ஸ்வீப்பின் வேலை அதற்கு நேர் எதிர்: யாரையும் அள்ளிப் போடுவதில்லை, கடைசி ஆளோடு கடைசி வரை ஓட்டுவது.

நன்றாக ஓட்டத் தெரிந்த, பஞ்சர் போடத் தெரிந்த, முக்கியமாகப் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒருவரைத்தான் இதற்குப் போட வேண்டும். மெதுவாக ஓட்டுகிறவரையே கடைசியில்தானே வருவார் என்று ஸ்வீப் ஆக்குவது தவறு. ஒருமுறை எங்கள் ஸ்வீப், கோவளம் பிரிவுக்கு முன்னால், கடைசியில் வந்த தம்பி பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்க நின்றதைக் கவனிக்காமல் முன்னால் வந்துவிட்டார். நாங்கள் பிரிவில் இடதுபுறம் கோவளம் ஊருக்குள் திரும்பிவிட்டோம், பையன் நேராகவே போய்விட்டான். அவனிடம் எங்கள் யாருடைய எண்ணும் இல்லை. நாற்பது நிமிடம் கழித்து வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வாசலில் கண்டுபிடித்தோம். அவன் அழவில்லை, ஆனால் அடுத்த வாரம் வரவில்லை. அன்றிலிருந்து இரண்டு விதி வைத்திருக்கிறேன். நிற்கிறவர் யாராக இருந்தாலும் ஸ்வீப்பிடம் சொல்லிவிட்டுத்தான் நிற்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, ஸ்வீப் வந்து சேரும் வரை அங்கேயே நிற்க வேண்டும். யார் நிற்பது? திருப்பத்தை எட்டும்போது வழிகாட்டிக்கு அடுத்து யார் இருக்கிறாரோ அவர். ஸ்வீப் வந்ததும் அவரோடு சேர்ந்து வருவார்.

வருகிறவர்களிடம் முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும்?

"உங்களுக்கு நன்றாக ஓட்ட வருமா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் வரும் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், எவ்வளவு தூரம், எந்த சைக்கிள்?" இந்த மூன்றும் போதும். பிறகு அவசரத்துக்கு வீட்டில் யாரைக் கூப்பிடுவது, சர்க்கரை, இதயம், ஆஸ்துமா ஏதாவது உண்டா என்பதைத் தனியாக, மற்றவர்கள் பார்க்காதபடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், ஸ்வீப்பின் பையில் சர்க்கரை உருண்டையோ குளுக்கோஸோ இருக்கும். தெரியாவிட்டால் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆள் எண்ணிக்கையையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். புதியவர்கள் ஐந்து பேருக்கு அனுபவமுள்ளவர் ஒருவர் இருக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் ஆறு ஆறாகப் பிரித்து நடுவில் நூறு மீட்டராவது இடைவெளி விடுங்கள், முந்துகிற கார் நடுவில் வந்து ஒதுங்க இடம் வேண்டும்.

கிளம்பும் முன் சைக்கிளில் எதைப் பார்க்க வேண்டும்?

காற்று, பிரேக், செயின், சீட். முதல் மூன்றும் எல்லாருக்கும் தெரியும். ரோடு பைக் டயருக்கு 80 முதல் 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), ஹைப்ரிட்டுக்கு 50 முதல் 70, தடிமனான எம்.டி.பி. (மலை சைக்கிள்) டயருக்கு 35, 40 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம், சரியான எல்லை டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது.

யாரும் பார்க்காதது சீட். ஒரு அக்கா மகனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நீலாங்கரை வருவதற்குள் பின்தங்கிவிட்டார், முட்டி வலிக்கிறது, வயசாகிவிட்டது, நான் திரும்பிவிடுகிறேன் என்றார். பக்கத்தில் ஓட்டிக்கொண்டே பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி கிட்டத்தட்ட ஹேண்டில்பார் உயரத்துக்கு வந்தது, சின்னப் பிள்ளைகளின் மூன்று சக்கர வண்டி ஓட்டுவது மாதிரி. ஓரமாக நிறுத்தி, சீட் கம்பியின் பிடியைத் தளர்த்தினேன். துரு பிடித்து அசையவில்லை, சீட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருகித் திருகி இரண்டு விரற்கடை அளவு மேலே இழுத்தேன். குதிகாலை பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. அக்கா ஏறி நூறு மீட்டர் போனார், திரும்பிப் பார்த்து, "இவ்வளவு நாளா இதுதானா" என்றார். அன்றைக்கு முட்டுக்காடு பாலத்தில் நின்று படகுகளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அதிலிருந்து கிளம்பும் முன் புதியவர்கள் எல்லாரையும் ஒருமுறை சீட்டில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, குதிகாலை வைத்துப் பார்த்துவிடுகிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சீட்டை உயர்த்தினால் தரையில் கால் எட்டாது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்க வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். அதுவும் பயமாக இருந்தால் பாதி உயர்த்துங்கள், அடுத்த வாரம் மீதி.

கிளம்பும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

மூன்று நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். எங்கே போகிறோம், எங்கெல்லாம் நிற்போம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், வழிகாட்டி யார், ஸ்வீப் யார் (இருவரையும் கை தூக்கச் சொல்லுங்கள், இருட்டில் முகம் தெரியாது). ஹெல்மெட் இல்லாதவர் வர முடியாது. முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும், மார்கழி, தை மாதங்களில் சென்னையில் சூரியன் உதிக்கவே ஆறரை ஆகும். காதில் பாட்டுக் கேட்கும் கருவி கூடாது. அப்புறம் சைகைகள்: குழி இருந்தால் விரலால் காட்டுவது, நிற்பதற்கு உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டிக் கீழே இறக்குவது. புதியவர்களுக்குக் கையை எடுத்தால் சைக்கிள் ஆடும், அவர்கள் சைகை காட்ட வேண்டாம், வாயால் சொன்னால் போதும். "குழி!", "மணல்!", "நிக்கறோம்!" இதை முன்னால் இருப்பவர் சொன்னதும் ஒவ்வொருவரும் பின்னால் கடத்த வேண்டும்.

கடைசியாக ஆட்களை எண்ணி, எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லுங்கள். பன்னிரண்டு என்றால் எல்லாருக்கும் பன்னிரண்டு என்று தெரிந்திருக்க வேண்டும்.

சிக்னல் தாண்டினதும் பின்னால் வருகிறவர்கள் ஏன் எப்போதும் மூச்சு வாங்குகிறார்கள்?

புதிதாக நடத்துகிறவர்கள் கவனிக்காத விஷயம் இது. பச்சை விழுந்ததும் முன்னால் இருப்பவர் உடனே 20 கி.மீ. வேகத்துக்குப் போய்விடுகிறார். ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பி, பன்னிரண்டாவது ஆள் காலை எடுத்து பெடலில் வைக்க 20 விநாடி ஆகிவிடும். அதற்குள் முன்னால் இருப்பவர் 110 மீட்டர் போய்விட்டார். அந்த இடைவெளியை அடைக்கப் பின்னால் இருப்பவர் 24 கி.மீ. வேகத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். அவர்தான் குழுவில் பலம் குறைந்தவர்! அவர் வந்து ஒட்டும் நேரத்தில் அடுத்த சிக்னல். திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை இது ஆறேழு தடவை நடந்தால், அந்த ஆளுக்கு அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

செய்ய வேண்டியது சுலபம். சிக்னல், யூ டர்ன், வேகத்தடை எது தாண்டினாலும் வழிகாட்டி அடுத்த 300 மீட்டருக்கு 10 கி.மீ. வேகத்திலேயே உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஸ்வீப் "எல்லாரும் வந்தாச்சு" என்று குரல் கொடுத்து, அது முன்னால் வந்து சேர்ந்த பிறகு பழைய வேகம். சிக்னலில் குழு பாதியாக வெட்டுப்பட்டால் மஞ்சளில் யாரும் பாய வேண்டாம், முன்பாதி தாண்டி ஓரமாக நிற்கட்டும். இதையும் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தனியாகிவிடுவோமோ என்ற பயத்திலேயே பாய்வார்கள்.

ஒருவர் பின்னால் ஒருவர் நெருக்கமாகப் போனால் சிரமம் குறையும் என்கிறார்களே?

உண்மைதான், வேகமாகப் போகும்போது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதனால் 30, 35 கி.மீ. வேகத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் கணிசமாக மிச்சமாகும். 15 கி.மீ. வேகத்தில் கிடைக்கிற மிச்சம் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்துக்காகப் புதியவரை ஒரு அடி இடைவெளியில் ஓட்ட வைப்பது வீண் ஆபத்து. உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் உரசினால் விழுகிறவர் நீங்கள், அவர் இல்லை. ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள், நேர் பின்னால் இல்லாமல் கொஞ்சம் விலகி, முன்னால் உள்ள சாலை தெரியும்படி.

இரண்டு இரண்டு பேராகப் போகலாமா? விடியற்காலையில், அகலமான இடத்தில், புதியவர் ஒருவருக்கு இடதுபுறம் இடம் கொடுத்து அனுபவசாலி வலதுபுறம் ஓட்டுவது எனக்குப் பிடிக்கும், தைரியம் வரும். மற்ற நேரத்தில் ஒற்றை வரிசை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலையில் பெரிய பைக்குகளும் கார்களும் வருகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இடது ஓரத்திலேயே எதிர்ப்பக்கமாக வருகிற இருசக்கர வண்டிகள் இன்னொரு தொல்லை. அப்போது "எதிர்ல வண்டி!" என்று குரல் கொடுத்து வேகத்தைக் குறையுங்கள், புதியவர்கள் பயத்தில் வலப்பக்கம் சட்டென்று வெட்டுவார்கள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டுமா?

கட்டாயம். மலை இல்லாத இந்தச் சாலையில் காற்றுதான் மலை. ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும். தெற்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி சுகமாக இருக்கும், புதியவர் 22 கி.மீ. போய்விட்டு, "எனக்கு இவ்வளவு வருமா!" என்று சந்தோஷப்படுவார், கோவளம் போகலாமா, மகாபலிபுரமே போகலாமா என்று கேட்பார். மகாபலிபுரம் என்றால் போய்வர ஏறக்குறைய 90 கி.மீ. ஆகிவிடும். திரும்பி வடக்கே முகம் வைத்ததும்தான் காற்று எங்கே இருந்தது என்று தெரியும். அந்த மாதங்களில் போகும்போதே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள், கேட்டாலும் தூரத்தை நீட்டாதீர்கள். ஆனி, ஆடியில் காலையில் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும், போகும்போது கொஞ்சம் சிரமம், வரும்போது சுலபம், புதியவர்களைக் கூட்டிப் போக அது நல்ல காலம். சித்திரை, வைகாசியில் காற்றைவிட வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும், கடல்காற்று எழுவதற்கு முன்னாலேயே உடம்பு கொதித்துவிடும், ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

முட்டுக்காடு பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்பு எதுவும் இல்லை, குறுக்கே அடிக்கிற காற்று எடை குறைந்தவர்களைத் தள்ளும். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும். படம் எடுக்க நினைப்பவர்கள் பாலத்தைத் தாண்டி இறங்கி நடந்து வரட்டும்.

ஓய்வு எத்தனை முறை, எவ்வளவு நேரம்?

பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை, பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை எப்போதிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. எங்கு பார்த்தாலும் நடப்பது இது: வேகமாக வந்தவர்கள் முதலில் வந்து, இளநீர் குடித்து, பேசி, கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஆள் வியர்த்து வழிந்து வந்து காலைத் தரையில் ஊன்றும்போது, "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு இருபது நிமிடம், தேவைப்படுகிறவருக்கு ஒன்றுமில்லை. அவரும் சங்கடத்தில் "ம், போலாம்" என்பார். அதை நம்பாதீர்கள்.

கடைசி ஆள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் எங்கள் குழுவில் கடிகாரம் ஓடத் தொடங்கும். அவர் கையில் யாராவது தண்ணீர் பாட்டிலைக் கொடுப்பார்கள். கிளம்பும் நேரத்தை அவரிடமே கேட்பேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கேட்பதில்லை.

நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கழிவறையையும் பாருங்கள். காலை ஆறு மணிக்குத் திறந்திருக்கிற, பெண்கள் போகும்படி இருக்கிற கழிவறை எங்கே என்று முந்தின வாரமே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் ஏதாவது பெட்ரோல் பங்க்காக இருக்கும். இது தெரியாததால் தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் அதைச் சொல்லவும் மாட்டார்கள். கிளம்பும்போதே எந்த இடம் என்று எல்லாருக்கும் பொதுவாக அறிவித்துவிடுங்கள்.

என்ன சாப்பிட, குடிக்கச் சொல்லலாம்?

கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், கையில் இரண்டு கடலை மிட்டாய், ஒரு லிட்டர் தண்ணீர். தாகம் எடுக்கும் முன்பே கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடிக்கச் சொல்லுங்கள். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்துபோகும், அதனால் இரண்டாவது பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். வயிறு நிறைய இட்லி, பொங்கல் எல்லாம் திரும்பி வந்த பிறகு.

பஞ்சர் ஆனால் மொத்தக் குழுவும் நிற்க வேண்டுமா?

ஆறு பேர் என்றால் நிற்கலாம். அதற்கு மேல் என்றால் ஸ்வீப்பும் இன்னொருவரும் நிற்கட்டும், மற்றவர்கள் மெதுவாக அடுத்த ஓய்விடம் வரை போகட்டும். சாலையில் நின்று டியூப் ஒட்ட வேண்டாம், மாற்று டியூப் போட்டுவிட்டு ஓட்டையை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் புது டியூபை மாட்டும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். லாரி டயர் வெடித்துச் சிதறினால் அதிலிருந்து மயிரிழை மாதிரி மெல்லிய கம்பிகள் சாலையோரம் கிடக்கும், டயருக்குள் குத்தி நின்றிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதை எடுக்காமல் மாட்டினால் புது டியூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

ரோடு பைக் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும், சாலையோரக் கடைகளில் காற்றடிக்க முடியாது. அதற்குப் பித்தளையில் சின்ன அடாப்டர் கிடைக்கிறது, பையில் ஒன்று போட்டு வையுங்கள்.

ஒருவரால் முடியவில்லை என்றால்?

முதலில் அவர் பையை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு வேகம், பிறகு தூரம். எந்த இடத்தில் வேண்டுமானாலும் திரும்பலாம் என்பது இந்தச் சாலையின் வசதி, ஆனால் யாரையும் தனியாகத் திருப்பி அனுப்பாதீர்கள். ஒருவர் கூடப் போக வேண்டும். அதற்காகவே அனுபவமுள்ள ஒருவரைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறேன். தலைசுற்றல், புல்லரிப்பு, வெயிலில் குளிர்வது மாதிரி நடுக்கம், பேச்சில் குழப்பம், இதில் எது இருந்தாலும் பயணம் அங்கேயே முடிந்தது. நிழலில் படுக்க வைத்து உடம்பை நனைத்து விசிறுங்கள். பேச்சு குழறினால் ஆட்டோவைத் தேட வேண்டாம், நேராக 108.

விழுந்து அடிபட்டால்?

ஒருவர் சாலையில் பின்பக்கம் போய் வருகிற வண்டிகளை மெதுவாக்கட்டும், ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும், ஒருவர் அடிபட்டவரோடு பேசிக்கொண்டே இருக்கட்டும். மூன்று பேரையும் பெயர் சொல்லி அனுப்புங்கள், "யாராவது போன் பண்ணுங்க" என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். எழுந்து நிற்க அவசரப்படுத்தாதீர்கள். ஹெல்மெட்டில் விரிசல் இருந்தால், அவர் "ஒண்ணுமில்ல" என்றாலும் அன்று அவர் ஓட்டக் கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது இருந்தால் உடனே மருத்துவமனை. கழுத்துப்பட்டை எலும்பு முறிவது சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு அடிக்கடி நடக்கும், ஒரு கையால் மறுகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுவாக இருக்கலாம்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை தமிழ்நாட்டில் அரசுச் செலவில் உண்டு, 2021இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும், செலவுக்கு உச்சவரம்பு உண்டு. உதவி செய்கிற வழிப்போக்கர் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்கினால், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது, பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லுங்கள்.

மலைக்குக் கூட்டிப் போனால் இதே முறையா?

ஏற்றத்தில் இல்லை. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது யாரும் இன்னொருவர் வேகத்துக்கு ஓட்ட முடியாது, குறைத்து ஓட்டினாலும் கால் கடுக்கும். அவரவர் வேகத்தில் விட்டு, மூன்று நான்கு வளைவுக்கு ஒருமுறை சேர வையுங்கள். இறங்கி உருட்டுவதில் தவறில்லை என்று கீழேயே சொல்லிவிடுங்கள். இறக்கத்தில்தான் கவனம் வேண்டும்: வளைவுக்கு முன்பே பிரேக், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், நடுவில் ஓய்வு. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி, கையும் மரத்துப்போகும். வேகத்தை விரும்புகிறவர்களை முதலில் அனுப்பிவிடுங்கள், புதியவரின் முதுகுக்குப் பின்னால் யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

"என்னாலதான் எல்லாருக்கும் லேட்" என்று ஒருவர் வருத்தப்பட்டால் என்ன சொல்வது?

"பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள், லேட் ஆனதை நீங்களும் ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும். நான் நேரத்தைக் காட்டுவேன். ஒன்பது மணிக்குத் திரும்புவோம் என்று சொன்னேன், இப்போது எட்டு ஐம்பது, சரியாகத்தான் வந்திருக்கிறோம். இதற்காகவும்தான் முதலிலேயே 15 என்று எழுதுவது. நேரம் உண்மையிலேயே தாண்டிவிட்டால் அது நான் போட்ட கணக்கு தப்பு, அதையும் அவரிடம் சொல்வேன்.

பயணம் எப்போது முடிந்ததாகக் கொள்வது?

திருவான்மியூரில் கை குலுக்கும்போது இல்லை. அங்கிருந்து ஒருவர் வேளச்சேரிக்கும் ஒருவர் அம்பத்தூருக்கும் களைத்துப்போன காலோடு, வண்டிகள் நிறைந்துவிட்ட நேரத்தில் போகிறார்கள். வீடு சேர்ந்ததும் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள், காலையில் எண்ணின எண்ணிக்கை வரும் வரை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்று வந்து பன்னிரண்டாவது வரவில்லை என்றால் கூப்பிடுங்கள். பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார், எழுப்பினதற்குக் கோபப்பட மாட்டார்.